ஒலக்கூர் முதல் பஸ்ஸைத் தள்ளியவர்கள்

தேவசகாயத்துக்கு டீசல் வண்டி ஓட்டத் தெரியும். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் அவருக்கு வேலை கிடைத்தது. சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், 1946-இல் திண்டிவனத்தில் ஒரு பஸ் முதலாளி முன்னால் போய் நின்றார். முதலாளி பட்டாளத்து ஏலத்தில் ஒரு பழைய டீசல் லாரியை எடுத்து, அதன்மேல் பஸ் கூண்டு கட்டி வைத்திருந்தார். சண்டைக் காலம் முழுக்கக் கரி வாயுவில் பஸ் ஓட்டிய டிரைவர்களுக்கு அந்த எஞ்சின் பிடிபடவில்லை.

"இதே மாதிரி வண்டியத்தாங்க அஸ்ஸாம் பக்கம் ஓட்டிக்கினு இருந்தேன்" என்று சொல்லி, ஏறி உட்கார்ந்து கிளப்பிக் காட்டினார். முதலாளி பெயரைக் கேட்டார். சொன்னார்.

"கிறிஸ்தவங்களா?"

"ஆமாங்க."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கிறிஸ்தவர்களில் எல்லா ஜாதியும் உண்டு. காக்கிச் சட்டையும் பட்டாளத்துப் பூட்ஸும் போட்டிருந்தவரைப் பார்த்து முதலாளி ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டார். காணைக்குப் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவர் தாம் என்று தேவசகாயமும் சொல்லவில்லை. பிறகு திண்டிவனத்தில் வாடகைக்கு அறை கேட்டபோது எந்த ஊர் என்றார்கள். புதுச்சேரிப் பக்கம் என்றார். அதுதான் வாய் திறந்து சொன்ன முதல் பொய். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் வாசலை ஒட்டி நின்றுகொள்வார். சொந்த ஊர்க் கோயிலில் அவருடைய ஜனங்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். இங்கே உள்ளே போய் உட்கார்ந்தால் யாராவது வந்து, நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பார்களோ என்று பயம்.

அடுத்த வருஷம் அவரை ஒலக்கூர் ரூட்டில் போட்டார்கள். இரவு பஸ் ஒலக்கூரில் தங்கும். விடியற்காலையில் அங்கிருந்து கிளம்பி, திண்டிவனம், விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் போகும். ஒலக்கூருக்குப் பக்கத்துச் சேரியில்தான் அவருடைய தங்கை லூர்து மேரி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் இன்னாசிராஜ் கூலி வேலைக்காரர். நல்ல மனுஷர், கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர். தேவசகாயம் பட்டாளத்தில் இருந்த காலத்தில் அவருடைய அம்மா செத்துப்போனபோது, மகன் இடத்தில் நின்று எல்லாம் செய்தவர் அவர்தான்.

அந்த ரூட்டுக்கு வந்த முதல் வாரமே தேவசகாயம் தங்கையைத் தேடிப் போனார்.

"பஸ்ஸாண்ட மட்டும் வந்து பேசாதம்மா. ஏதாவது வேணும்னா திண்டிவனம் ஷெட்டுக்கு வந்து என்னைத் தனியா கூப்பிடு" என்றார்.

லூர்து மேரி ஏன் என்று கேட்கவில்லை. "சரிண்ணே" என்றாள். கேட்காமலே அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அவரை என்னவோ செய்தது. ஆனாலும் சொன்னதை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மார்கழி பிறந்ததும் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. டீசல் எஞ்சினுக்குள் காற்று அழுந்திச் சூடேறினால்தான் எண்ணெய் பற்றும். தேய்ந்துபோன அந்தக் கிழட்டு எஞ்சின் பனியில் இரவெல்லாம் நின்று கல்லாகிக் கிடந்தால், காலையில் எங்கிருந்து சூடு வரும்? கிளீனர் விருத்தாசலம் சாணி வரட்டி கொளுத்தி, ஒரு தகரத்தில் கங்கை வைத்து எண்ணெய்ச் சட்டிக்குக் கீழே தள்ளுவான். தேவசகாயம் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றிக் கொளுத்தி, எஞ்சின் காற்றிழுக்கும் வாயருகே பிடிப்பார். பிறகு இரண்டு பேருமாகக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றுவார்கள். பல நாள் அதிலேயே கிளம்பிவிடும்.

அன்று கிளம்பவில்லை. பேட்டரியும் செத்திருந்தது. விருத்தாசலம் கை சோர்ந்து உட்கார்ந்துவிட்டான். பஸ்ஸுக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். முன் சீட்டில் விழுப்புரம் கோர்ட்டுக்குப் போகும் மிராசுதார் ஒருவர் இருந்தார்.

"இன்னாய்யா, கேஸை கூப்பிட்டுடப் போறான். தள்ளிப் பாக்கறதுதானே?"

"தள்ளினா வரும்ங்க. எல்லாரும் கொஞ்சம் இறங்கினீங்கன்னா..."

யாரும் இறங்கவில்லை. மிராசுதார் தலையை வெளியே நீட்டினார். சேரி ஜனங்கள் ஏழெட்டுப் பேர், மற்றவர்கள் உட்கார்ந்த பிறகு ஏறலாம் என்று தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். "டேய், வாங்கடா இப்படி. ஒரு கை குடுங்க" என்றார்.

வந்தார்கள். கண்ணாடியில் தேவசகாயம் பார்த்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முதலில் வந்து கை வைத்தவர் இன்னாசிராஜ். அவருக்குப் பின்னால் ரோட்டோரத்தில் லூர்து மேரி நின்றாள். தோளில் அருள்ராணி, மூன்று வயசுப் பெண், துணிக்குள் சுருண்டு கிடந்தது. ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. லூர்து மேரி கண்ணாடியில் அண்ணனைப் பார்த்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தேவசகாயம் இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டார். பின்னால் "ஏலேலோ" என்று குரல் எழுந்தது. வண்டி நகர்ந்து வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டார். எஞ்சின் இருமியது, குலுங்கியது, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. தள்ளியவர்கள் முகத்திலெல்லாம் புகை.

கிளட்சை மிதித்து, ஆக்ஸிலேட்டரை விடாமல் அழுத்திக்கொண்டு நிறுத்தியிருக்கலாம். அது அவருக்குத் தெரியாத வித்தையல்ல. கால் பிரேக்குக்குப் போகவும் போயிற்று.

"நிறுத்தாத, நிறுத்தாத! மறுபடியும் அணைஞ்சிடப் போவுது. அதுங்க நடந்து வரும்" என்றார் மிராசுதார்.

அப்போது இன்னாசிராஜ் பஸ்ஸோடு ஓடிவந்து, டிரைவர் பக்கத்துத் தகரத்தைக் கையால் தட்டினார். "மச்சான்! புள்ளைக்கு மூச்சு வாங்குது மச்சான், நிறுத்து!"

மிராசுதார் திரும்பினார். "யாருய்யா அவன், உன்னை மச்சான்ங்கறான்?"

"தெரியலீங்க" என்றார் தேவசகாயம். அதோடும் நிறுத்தவில்லை. "குடிகாரன் போல."

மூன்றாவது கியர் விழுந்தது. கண்ணாடியில் இன்னாசிராஜ் நடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். விருத்தாசலம் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

விழுப்புரம் போய்ச் சேரும்வரை வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. திரும்பித் திண்டிவனம் வந்ததும், பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு, தேவசகாயம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். பாதி தூரம் நடந்து, அப்புறம் ஒரு மல்லாட்டை வண்டிக்காரன், கடலை மூட்டைகளுக்கு மேலே ஏற்றிக்கொண்டு வந்து விட்டானாம். குழந்தை கண் மூடிப் படுத்திருந்தது. நெஞ்சுச் சளி, இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னாசிராஜ் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கண்ணிமையில் இன்னும் கரி. தேவசகாயத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முன்பெல்லாம் அப்படி எழுந்தவரல்ல.

நர்ஸம்மா தேவசகாயத்தின் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு, "இவரு யாரும்மா, உங்க சொந்தமா?" என்று கேட்டாள்.

தேவசகாயம் வாயைத் திறந்தார். அதற்குள் லூர்து மேரி முந்திக்கொண்டாள்.

"இல்லீங்க. பஸ் டிரைவருங்க. புள்ளைய பாக்க வந்தாரு."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. அண்ணன் கேட்டுக்கொண்டதைக் காப்பாற்றினாள், அவ்வளவுதான். தேவசகாயத்துக்கு அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். வாங்கி வந்த ரொட்டியைக் கட்டிலோரம் வைத்துவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரி மதிலைப் பார்த்து நின்று அழுதார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது.

தை மாதம் ஒரு காலை, மறுபடியும் வண்டி கிளம்பாமல் நின்றது. மறுபடியும் சேரி ஜனங்களைக் கூப்பிட்டார்கள். தள்ளினார்கள்; எஞ்சின் பிடித்தது. இந்தத் தடவை தேவசகாயம் ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டு நிறுத்தி, "ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க" என்று கத்தினார். அதே மிராசுதார் சலித்துக்கொண்டார். "உனக்கு இன்னாய்யா அவங்க மேல இவ்ளோ அக்கறை?"

"என் ஜனங்கதாங்க. அன்னிக்கு மச்சான்னு கூப்பிட்டாரே, அவரு என் தங்கச்சி வீட்டுக்காரரு. குடிகாரன்னு நான் சொன்னது பொய்ங்க."

 அன்று சாயங்காலமே அது திண்டிவனம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அறையை வாடகைக்கு விட்டவர் காலி பண்ணச் சொன்னார். முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த எஞ்சினுக்கு வேறு ஆள் இல்லாததால் வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று தேவசகாயம் நினைத்திருந்தார். ஆகவில்லை. அன்று தள்ள வந்தவர்களில் இன்னாசிராஜ் இல்லை. யார் காதில் விழ வேண்டுமோ அவர் காதில் அது நேராக விழவே இல்லை.

ஈஸ்டருக்கு அவர் தங்கை வீட்டுக்குப் பட்டப்பகலில், காக்கிச் சட்டையோடு போனார். "பஸ்ல நீ சொன்னதை ஜனங்க வந்து சொன்னாங்கண்ணே" என்று லூர்து மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அருள்ராணி மடியில் வந்து உட்கார்ந்தது. இன்னாசிராஜ் தாமே தட்டை வைத்துக் கறிக்குழம்பு ஊற்றினார். மழை, விளைச்சல், கூலி என்று எல்லாம் பேசினார். ஒரு குறையும் வைக்கவில்லை.

தேவசகாயம் சாப்பாட்டுக்கு நடுவில் கையை எடுத்துவிட்டு, "மாப்ள, அன்னிக்கு நான் பண்ணது..." என்று ஆரம்பித்தார்.

"அத வுடுங்க. சாப்புடுங்க" என்றார் இன்னாசிராஜ். "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?"

அந்த 'ங்க'வைத் தேவசகாயம் சோற்றோடு சேர்த்து விழுங்கினார். அதன் பிறகு பல வருஷம் போக்குவரத்து இருந்தது, நல்லது கெட்டது எல்லாவற்றிலும் இரண்டு வீடும் கூடி நின்றது. இன்னாசிராஜ் அவரை ஒருநாளும் குறைவாகப் பேசியதில்லை. திண்டிவனத்துக்குப் போக வேண்டியிருந்தால் மட்டும், விடியற்காலை பஸ்ஸுக்கு நிற்காமல், அது கிளம்பும் முன்பே நடக்க ஆரம்பித்துவிடுவார். வழியில் அவரைத் தாண்டும்போது தேவசகாயம் வண்டியை மெதுவாக்குவார். இன்னாசிராஜ் ரோட்டோரம் ஒதுங்கி நின்று, போங்க என்று கையைக் காட்டுவார்.