தண்ணீர் மாறிய நிமிடமே

ஆற்று ஆராய்ச்சி நிலையத்தில் மென்பொருள் எழுதுவது அவள் வேலை. கரையோரம் பதினாறு இடங்களில் கருவிகள் தண்ணீரை இடைவிடாமல் அளந்தன. மூன்று ஆய்வகங்களின் விஞ்ஞானிகள் அந்த அளவுகளை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திரட்டிப் பார்ப்பார்கள்.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஆற்றில் கழிவு கலந்தது. கருவி அப்போதே பதிந்துவிட்டது. மனிதர்கள் பார்த்தது பன்னிரண்டுக்கு. அதற்குள் அவள் அண்ணன் வேலை பார்த்த குடிநீர் நிலையம் அந்தத் தண்ணீரை இழுத்துவிட்டது. தெருத் தெருவாக வயிற்றுப்போக்கு. அண்ணன் மகள் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

“குத்தம் சொல்லலம்மா. ஆனா உங்ககிட்ட தகவல் இருந்துச்சுல்ல?” என்றார் அண்ணன்.

மறுநாளே அவள் இயக்குநர் அறையில் நின்றாள்.

“இப்ப நாம போய்ப் போய்க் கேட்டாத்தான் சேதி வருது சார். தண்ணி மாறின நிமிஷமே அது தானா கிளம்பணும். தேவைப்படுற எல்லாருக்கும் ஒரே நேரத்துல போகணும்.”

“ஓடுற வண்டியில சக்கரம் மாத்தணும்கறீங்க.”

“வண்டிய நிறுத்தாமலே மாத்தறேன். மூணு மாசம் குடுங்க.”

பழைய முறையை ஓடவிட்டு, பக்கத்திலேயே புதியதைக் கட்டினாள். முதல் வாரமே மானம் போயிற்று. கருவியில் இலை ஒட்டினாலும் எச்சரிக்கை பறந்தது. ஒரே நாளில் நானூறு. மேல்கரை ஆய்வகத்து உயிரியல்காரம்மா போன் செய்தார்.

“உங்க ஆறு வாயே மூடமாட்டேங்குது. நான் போனத் தூக்கி டிராயர்ல போட்டுட்டேன்.”

“ரெண்டு வாரம் உங்ககூட வந்து இருக்கட்டுமா மேடம்?”

போனாள். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சேற்றில் நின்று, எது செய்தி, எது வெறும் இரைச்சல் என்று அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அடுத்தடுத்த இரண்டு கருவிகள் ஒத்துச் சொன்னால்தான் எச்சரிக்கை என்று மாற்றினாள். ஆய்வகமோ குடிநீர் நிலையமோ, யாருக்கு எது வேண்டுமோ அதை முதலிலேயே பதிந்துவைத்தால் அது மட்டும் தானாக வரும் என்றும் வைத்தாள். எச்சரிக்கை நாளுக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தது. போன் டிராயரிலிருந்து வெளியே வந்தது.

ஐந்தாம் மாதம், ஒரு மதிய இடைவேளையில், மீண்டும் கழிவு. மூன்று ஆய்வகத்துத் திரைகளும் குடிநீர் நிலையத்துத் திரையும் ஒன்றாகச் சிவந்தன. உயிரியல்காரம்மா மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதாக எழுதினார். அந்த வரியும் உடனே எல்லாருக்கும் போனது. இன்னொரு ஆய்வகத்து வேதியியல்காரர் தண்ணீர் மாதிரி எடுக்க ஓடினார்.

அவள் சோற்றுக் கையோடு அண்ணனைக் கூப்பிட்டாள்.

“பாத்தேம்மா. வால்வ மூடி நாலு நிமிஷமாச்சு. நீ சாப்பிடு.”