ஒன்பது வளைவுகளும் மூன்று மிதிகளும்

2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, மாலை மூன்று ஐம்பது. மலைமேல் இருக்கும் போனக்காட்டில் சாரல். இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. எஸ்டேட் சிற்றாலயத்தில் ஆராதனை முடிந்து வித்துராவுக்கு எங்கள் ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியவர் மருமகன் ஜெபராஜ். பக்கத்தில் நான், பின்னால் என் மனைவி கனகம். இரண்டாவது வளைவில் பிரேக் பெடல் தரை வரை போய்விட்டது.

எனக்கு வயது எழுபத்துமூன்று. சர்வே அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். எதையும் எண்ணாமல் இருக்க முடியாது, பயப்படாமலும் இருக்க முடியாது. அந்தப் பயத்தில்தான் முன்சக்கரங்களின் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டேன். ஓடையில் இறங்கி ஏறினால் டிரம் சரியாகப் பிடிக்காது. சனிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். முன்பு பத்தொன்பது காலடி தூரம் ஓடி நின்ற வண்டி பதினொன்றில் நின்றது.

“சாரே, வண்டி ராத்திரி இங்க கிடக்கட்டு. காலைல ஒரு தடவ கூடி பிரேக் லைன்ல இருக்க ஏர் எடுத்துத் தாரேன்,” என்றார் மெக்கானிக் ஷாஜி.

“நாளைக்கு ஞாயிறு. எனக்காக ஒருத்தரும் ஓய்வுநாள்ல வேலை செய்யாண்டாம்,” என்றேன். அதை விசுவாசம் என்று நினைத்து வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில் தெரிந்தது.

“மாமா, பெடல் இல்ல,” என்றார் ஜெபராஜ், மெதுவாக. முதல் கியருக்குக் குறைத்தார். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஈரத்தில் வண்டி பள்ளத்தின் பக்கம் வழுக்கியது. கனகம் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொல்லத் தொடங்கினாள். எத்தனையோ ஜெபக்கூட்டம் நடத்திய எனக்கு ஒரு வசனமும் வரவில்லை. “ஆண்டவரே, அந்தப் பெடலைத் திருப்பித் தாரும்.” அவ்வளவுதான். பிறகு ஜெபராஜின் காலைப் பார்த்து என் வாய் தானாக எண்ணியது. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது மிதியில் பெடல் கெட்டியானது. வண்டி நின்றது. சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே நான்கு சாண்.

போனில் சிக்னல் இல்லை. இருட்டினால் அங்கே யானை இறங்கும். கனகத்தின் முழங்காலுக்கு நடை ஆகாது.

“நீங்க எண்ணுங்க மாமா. நான் மிதிக்கேன்.”

மீதி ஏழு வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூன்று எண்ணினேன். ஒவ்வொரு முறையும் பெடல் திரும்பி வந்தது.

“இத்தன வருசமா இந்த மனுசன் எண்ணுததுக்கு ஏசிட்டே இருந்தேன்,” என்றாள் கனகம். “சத்தமா எண்ணுங்க.”

திங்கட்கிழமை ஷாஜி லைனைத் திறந்து பிரேக் ஆயிலில் குமிழி குமிழியாக வந்த காற்றைக் காட்டினார். மிதிக்க மிதிக்கத்தான் அந்தக் காற்று இறுகி, பெடல் கெட்டியாகியிருக்கிறது. “ஒரு ராத்திரி பொறுத்திருந்தா போதுமாயிருந்து, சாரே,” என்றார். நான் தலை குனிந்தேன்.

“ஆண்டவரே, என் பயத்தை எடுத்துவிடும்” என்று வருடக்கணக்காக ஜெபித்தவன் நான். இப்போது அப்படிக் கேட்பதில்லை. “என் பிடிவாதத்தை எடுத்துவிடும்” என்று கேட்கிறேன். அன்பானவர்களே, ஆபத்தில் வசனம் வரவில்லையென்றால் கலங்காதீர்கள். வாயில் வருவதைச் சொல்லுங்கள். வெறும் எண்ணிக்கையையும் அவர் கேட்கிறார்.

டிஸ்க் மாற்ற ஆனது முப்பத்தாறாயிரத்து நானூறு. காற்றை எடுக்க ஷாஜி கூலி வாங்கவில்லை. ஒரு பாட்டில் பிரேக் ஆயிலுக்கு மட்டும் இருநூற்று நாற்பது ரூபாய்.