துடைத்தும் போகாத சாம்பல்

இந்த ஊரில் குரோட்டன்ஸ் செடிக்குப் போர்வை உண்டு. நெதர்லாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் பார்த்தேன்: கடைக்காரர் செடியைத் தலை முதல் தொட்டி வரை காகிதத்தால் சுற்றி, பச்சைப்பிள்ளையைக் கொடுப்பதுபோல ஒரு பெரியவர் கையில் கொடுத்தார். வடசென்னைப் பக்கம் எங்கள் அத்திப்பட்டில் அதே செடி காம்பவுண்டு ஓரமாக, கேட்பாரில்லாமல் வளரும். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அந்தச் செடிகளை வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில்தான் போன வாரம் என்னை ஒருநாள் வேலை செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். பிடித்திருந்தால் வேலை, இல்லையென்றால் மறுபடி வீட்டுக்குள் நாலு சுவர். ஒன்றரை வருடமாக வேலை தேடி அலுத்தவள் நான். உள்ளே நுழைந்ததும் அலுப்பெல்லாம் பறந்துவிட்டது. சிவப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ் என்று கண்ணுக்கெட்டிய தூரம் இலைகள். பூ ஒன்றுகூட இல்லை, அப்படியும் கொள்ளை அழகு!

மேற்பார்வை பார்க்கும் மரைக்கெ என்ற அம்மாள் அக்லோனிமா என்ற அழகு இலைச்செடிகள் ஒரு தட்டை முன்னால் வைத்து, ஈரத்துணியைக் கொடுத்துவிட்டுப் போனார். பச்சை இலை முழுக்கச் சாம்பல் படிந்திருந்தது. இது எனக்குத் தெரியாத வேலையா? அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். வாசல் பெருக்கி முடித்ததும் அண்ணி குரல் கொடுப்பாள்.

"செல்வி, செடி மேல சாம்பலு குந்திகினு கீது பாரு. தொட்சி வுடு."

இடது உள்ளங்கையை இலைக்கு அடியில் கொடுத்து, காம்பிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. இங்கேயும் அப்படித்தான் இழுத்தேன். பத்துச் செடி ஆயிற்று, சாம்பல் அசையவில்லை. வேலை போச்சு என்றே நினைத்தேன். மரைக்கெயிடம் போய், "ஆஷ் போகவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் காற்றை மோந்து பார்த்து, "இங்கே யார் சிகரெட் பிடித்தது?" என்று சுற்றுமுற்றும் தேடினார். இலையைக் காட்டினேன். சிரித்துவிட்டார். அது இலையின் பிறவி நிறமாம்; விற்பதற்கு முன் இலையைப் பளபளப்பாக்கத்தான் துணியாம். அத்தனை தேய்த்தும் ஓர் இலைகூடக் கிழியாததை வியந்து, இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திங்கட்கிழமை வந்துவிடு, இலை துடைக்கும் மேசைக்கு" என்றார்.

இடைவேளையில் செடி வரிசை ஓரமாக ஓடிப்போய் அண்ணிக்கு வீடியோ கால் போட்டேன். வாசலில் நின்றிருந்தவளிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"இன்னாது, இலைய தொடைக்கிறதுக்கு ஒரு வேலயா? அப்ப எனுக்கும் ஒரு டிக்கெட் போடு."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவள் பக்கத்துக் குரோட்டன்ஸ் இலையில் விரலைத் தேய்த்து, கேமராவுக்கு நேரே நீட்டினாள். விரல் கறுத்திருந்தது.

"இங்க தொடைக்க ஆளக் காணோம். நீ அங்க அழுக்கே இல்லாத இலைய தொட்சிகினு கீறே."

நானும் ஓர் இலையில் விரலைத் தேய்த்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அதை அவளுக்குக் காட்ட எனக்குக் கை வரவில்லை.