சம்மதம் சொல்லும் முன் ஒரு வகுப்பு

என் இடது கன்ன எலும்பை உடைத்தவர் ஒரு மாணவனின் அப்பா. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் இருந்த டியூஷன் சென்டரில் அப்போது நான் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளித் தேர்வு முடிவுகள் வந்திருந்த வாரம். அவர் அலுவலக உடையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தார்.

"டீச்சர், இவன் மறுபடியும் ஃபெயில். நீங்க என்னதான் சொல்லிக் கொடுக்கிறீங்க?"

உட்காருங்கள், பேசலாம் என்றேன். அவர் உட்காரவில்லை. மகனின் பிடரியில் ஓங்கி அறைந்தார். பையனின் நெற்றி மேசை விளிம்பில் மோதியது. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது நான் நடுவில் போய் நின்றேன். மேசைமேல் யாரோ வைத்திருந்த எஃகுத் தண்ணீர் போத்தலை எடுத்து என் முகத்தில் அடித்தார்.

வலி பிறகுதான் வந்தது. முதலில் என் தலைக்குள்ளேயே ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது. கீழே விழுந்த பிறகும் அவர் என் தோளில் மிதித்தார். நகைக்கடைக் காவலாளி ஓடி வந்து அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்தார். போலீஸ் வந்தது, வழக்கு நடந்தது, அவர் சிறைக்குப் போனார். எனக்கு அறுவை சிகிச்சை செய்து கன்னத்துக்குள் சிறிய தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் வகுப்பறைக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் என் கை தானாக முகத்தை மறைத்துக்கொண்டது. பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த ஊரை விட்டுக் கொஞ்ச காலம் போய்விடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. வெளிநாட்டுத் தனியார் பள்ளிகளுக்கு விண்ணப்பித்தேன். இந்தியப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் ஒரு பள்ளி உடனே வேலை தருவதாகச் சொன்னது. வீடு, விமான டிக்கெட், நல்ல சம்பளம். ஜூரோங் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கும் என் கணவர் செங்காங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார்.

"பேப்பர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேப்பர் வேற, இடம் வேற. அங்க வேலை பார்த்த யாரையாச்சும் கேட்டியா?" என்றார்.

பள்ளி முதல்வரிடம் காணொளி அழைப்பில் கேட்டேன். அவர் தமிழ்நாட்டுக்காரர், சிரித்த முகம். எனக்கு முன்னால் இருந்த கணித ஆசிரியர் ஏன் போனார் என்றதற்கு, "குடும்பப் பிரச்சினை மேடம்" என்றார். என் பாஸ்போர்ட்டை யார் வைத்திருப்பார்கள் என்றதற்கு, "பத்திரமா ஆபீஸ்ல இருக்கும், கவலைப்படாதீங்க" என்றார். கடைசியாக, ஒரு பெற்றோர் ஆசிரியரை அடித்தால் பள்ளி என்ன செய்யும் என்று கேட்டேன்.

"எங்க ஸ்கூல்ல அந்தப் பேச்சுக்கே இடமில்ல மேடம். இங்க டிசிப்ளின் ரொம்ப ஸ்ட்ராங்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அடிபட்டவளுக்குக் கட்டுப்பாடு என்ற சொல் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

ஆனாலும் ஆசிரியர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் பள்ளியின் பெயரைப் போட்டு, அங்கே யாராவது வேலை செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒருவர் மட்டும் தனியாகப் பதில் அனுப்பினார். எனக்கு முன்னால் அங்கே கணிதம் கற்பித்தவர் அவர்தான். நேரில் வந்தால் சொல்கிறேன் என்றார்.

மார்சிலிங்கில் அவர் வீட்டுக்குக் கீழே இருந்த காப்பிக்கடையில் சந்தித்தோம். யாழ்ப்பாணப் பூர்வீகம், என்னைவிட மூத்தவர். பால் சேர்க்காத தே ஓ தேநீர்க் கோப்பையை இடது கையால் தூக்கினார். வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

"அங்க டிசிப்ளின் மாஸ்டர் எண்டு ஒருத்தர் இருக்கிறார். தண்ணிக்குழாய்க்குப் போடுற பிளாஸ்டிக் பைப்தான் அவர்ட கையில. ஒரு பிள்ளைய முழங்காலுக்குப் பின்னால அடிச்சு அடிச்சு, பிள்ளை விழுந்துட்டுது. விழுந்த பிறகும் அடிச்சார். நான் கைய நீட்டித் தடுத்தன்" என்றார்.

"உங்க மேல தெரியாமப் பட்டிருக்குமோ?"

"முதல் அடி தெரியாமப் பட்டது. அடுத்தது தெரிஞ்சே."

படியில் வழுக்கி விழுந்ததாக எழுதிக் கையெழுத்துக் கேட்டார்களாம். மறுத்ததும் பாஸ்போர்ட்டைத் தரவில்லை. தூதரகத்தை அழைத்த பிறகுதான் ஊர் திரும்ப முடிந்தது.

ரயிலில் திரும்பும்போது அவரை முழுதாக நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. கோபத்தில் கூட்டிச் சொல்லியிருக்கலாம். என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, சம்மதம் சொல்லும் முன் ஒரு வகுப்பை இங்கிருந்தே காணொளி அழைப்பில் நடத்திப் பார்க்கிறேன் என்று முதல்வருக்கு எழுதினேன். அவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

அன்று என் கணவர் சமையலறையில் இருந்தார். திரையில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், சுவரோடு ஒட்டிய மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார்கள். பின்னங்கள் நடத்தினேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தியிடம் கேள்வி கேட்டேன். விடையைத் தவறாகச் சொன்னாள். சொன்ன உடனே எழுந்து, வலது உள்ளங்கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றாள்.

அவள் ஏன் கையை நீட்டுகிறாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. "பரவாயில்ல கண்ணு, உட்காரு. இன்னொரு தடவை பார்க்கலாம்" என்றேன். அவள் உட்காரவில்லை. திரையின் ஓரத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். கையில் சாம்பல் நிறப் பைப். உள்ளங்கையில் ஓர் அடி. அவள் கையை இழுத்துக்கொண்டாள். இழுத்ததற்காக முன்கையில் ஓர் அடி, தோளில் ஓர் அடி. காதின் மேல் விழுந்த அடியில் அவள் நாற்காலியோடு சரிந்தாள். மற்ற பிள்ளைகளில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் நிறுத்துங்கள் என்று கத்தினேன். என் குரல் அந்த அறையின் ஒலிபெருக்கியில் பெரிதாகக் கேட்டிருக்க வேண்டும். அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். தொந்தரவு செய்த ஒருத்தியைப் பார்ப்பதுபோல. பிறகு தரையில் கிடந்தவளின் முதுகில் இன்னொன்று போட்டார். என் கை என் கன்னத்தை மூடியிருந்தது. கணவர் வந்து என் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது.

முதல்வரின் முகம் திரையை மறைத்தது. அதே சிரிப்பு.

"சாரி மேடம். அடிதடி பத்திக் கேட்டீங்களேன்னு, உங்க கிளாஸ்ல கொஞ்சம் கண்டிப்பா இருக்கச் சொல்லியிருந்தேன்."

"அந்தப் பொண்ணு காதுல ரத்தம் வருதான்னு பாருங்க. முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அதெல்லாம் பழகிடும் மேடம்."

என் கணவர் குனிந்து, "சார், இவங்க வரமாட்டாங்க. அந்தப் பிள்ளைய அடிச்சத நானும் பார்த்தேன். சும்மா விடமாட்டோம் லா" என்றார். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அந்த நாட்டுக் கல்வித்துறையை அழைத்துப் புகார் கொடுத்தேன். மார்சிலிங் ஆசிரியரும் தன் மணிக்கட்டின் எக்ஸ்ரே படத்தோடு எழுதினார். விசாரிக்கிறோம் என்று ஒரு பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. பள்ளி இன்னும் ஆசிரியர்கள் தேவை என்று விளம்பரம் செய்கிறது. அந்தச் சிறுமியின் காது என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நடந்ததை வாட்ஸ்ஆப் குழுவில் எழுதினேன். அங்கே போகவிருந்த ஓர் இளம் ஆசிரியை என்னை அழைத்து நீண்ட நேரம் பேசினார்; பிறகு அவரும் மறுத்துவிட்டார்.

அடுத்து வேலை தர முன்வந்த வெளிநாட்டுப் பள்ளிகள் ஒவ்வொன்றிடமும் ஒரே வேண்டுகோள் வைத்தேன்: முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு சாதாரண வகுப்பைப் பார்க்க விடுங்கள். ஒரு பள்ளி பதிலே போடவில்லை. இன்னொன்றின் தலைமையாசிரியை காணொளி அழைப்பிலேயே உடனே தன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நடந்து, முதலில் கண்ணில் பட்ட வகுப்புக்குள் நுழைந்தார். சந்தை மாதிரி இருந்தது. ஒரு பையன் ஆசிரியரிடமே, அவர் கரும்பலகையில் எழுதியது தப்பு என்று வாதாடிக்கொண்டிருந்தான். அந்த வேலைக்குச் சம்மதம் சொன்னேன்.

அங்கேயும் அடி இல்லாமல் இல்லை. நான் சேர்ந்த சில வாரங்களில் என் வகுப்பில் இரண்டு பையன்கள் கட்டிப்புரண்டார்கள். ஒருவன் மற்றவனின் முகத்தைத் தரையில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் தெறித்து என் புடவையில் பட்டது. நான் நடுவில் புகுந்து பிரித்தேன். தலைமையாசிரியை வந்தார். அவர் கையில் ஒன்றுமில்லை. இருவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, ரத்தம் வழிந்தவனின் மூக்கைத் தன் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டார்.

"யாரு முதல்ல பேசப் போறீங்க?" என்று கேட்டார்.

பதில் வரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. நானும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தேன்.