ஆயிரத்து இருநூற்று ஐம்பது ஷிப்ட்

அன்றைக்கு அந்த பிரவுசிங் சென்டரில் இருந்தது ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், மகள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கடைக்காரப் பெண், எங்கள் பனியன் கம்பெனி கான்ட்ராக்டர். அவரை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அவர் பையன் என்ஜினீயரிங் படித்தவன். எட்டாவதோடு ஓவர்லாக் தையல் மெஷினுக்கு வந்துவிட்ட எனக்கு அதுவே பெரிய தைரியம்.

கவுன்சலிங்கிற்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்தி, மாலை ஐந்து மணிக்குள் லாக் பண்ண வேண்டும். அப்புறம் மாற்ற முடியாது. மகளின் மார்க்குக்கு இரண்டு இடங்கள் கிடைக்கலாம் என்றார்கள். ஒன்று தெற்கே தூரத்தில் ஓர் அரசுக் கல்லூரி. செலவு எங்கள் கைக்கு எட்டும், ஆனால் சிவில்தான் கிடைக்கும். இன்னொன்று கோயமுத்தூரில் ஒரு தனியார் கல்லூரி. அவள் ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் பாடம். கம்பெனிக்காரர்கள் அங்கேயே வந்து வேலைக்கு ஆள் எடுப்பார்களாம். ஹாஸ்டலோடு நான்கு வருடத்துக்கு ஆறு லட்சம், முழுக்க வங்கிக் கடன்தான்.

ரூபாயாகச் சொன்னால் எனக்குப் பயம் முழுசாக வராது. ஷிப்ட் குறிக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். அப்போது ஒரு ஷிப்டுக்கு நானூற்று எண்பது ரூபாய். ஆயிரத்து இருநூற்று ஐம்பது ஷிப்ட் வந்தது. சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், ஆர்டர் இல்லாத மாதமே வராமல் நான்கு வருடத்துக்கு மேல் மெஷினில் உட்கார வேண்டும்.

வீட்டுக்காரர் வீரபாண்டியில் துணிக்குச் சாயம் போடும் ஒரு டையிங்குக்கு டெம்போ ஓட்டுகிறார். அரசுக் கல்லூரியே போதும் என்றார். கான்ட்ராக்டர் சிரித்தார்.

"ஏனுங்க, புள்ளையக் கட்டடங் கட்டறதுக்கா அனுப்பறீங்க?"

"கட்டடங் கட்டுனா தப்பில்லீங்க. கடன் கட்டறதுதானுங்க கஷ்டம்" என்றார் வீட்டுக்காரர்.

மகள் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ சொல்வதையே மேலே போடுகிறேன் அம்மா என்றாள். அதற்குத்தான் ரொம்பப் பயந்தேன். எங்கள் கம்பெனி செக்கிங் டேபிளில் டிகிரி முடித்த பெண்கள் மூன்று பேர் நின்று நூல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான்காவதாக இவள் நிற்பது போலவே தெரிந்தது.

பேங்கில் எப்போது பணம் கேட்பார்கள் என்று கான்ட்ராக்டரிடம் கேட்டேன்.

"படிச்சு முடிக்கற வரைக்கும் ஒரு பைசா கேக்கமாட்டாங்கக்கா."

அந்த மாதிரிக் கடன் எனக்குப் பழக்கம். பள்ளிக்கூடம் திறக்கும்போது கம்பெனியில் அட்வான்ஸ் வாங்குவோம். பத்தாயிரம் வாங்கினால் தீபாவளி போனஸில் பத்தாயிரம்தான் பிடிப்பார்கள், ஒரு ரூபாய் அதிகமாக இருக்காது. கேட்காத கடன் வளராது என்று நம்பியே இத்தனை வருடம் ஓட்டியிருந்தேன். வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கோயமுத்தூரையே மேல போடு கண்ணு" என்றேன்.

லாக் பண்ணிவிடலாமா என்று கடைக்காரப் பெண் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் தலையாட்டினேன். அந்த இடமே கிடைத்தது.

மூன்று வருடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நடுவில் ஒரு போனஸில் மகளுக்குத் தோடுகூட எடுத்தேன். கடைசி வருடப் பணத்தைக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லி வங்கிக்குப் போனபோது, பாக்கி எவ்வளவு என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். மகள் படித்துச் சொன்னாள், வாங்கியதைவிட அதிகம். இது வேறு யாருடைய கணக்கோ என்று அங்கிருந்தவரிடம் சண்டைக்குப் போனேன். பணம் கொடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறுகிறது, கட்டுவதுதான் பிறகு என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

வெளியே வந்ததும், உனக்கு இது தெரியுமா என்று மகளிடம் கேட்டேன்.

"மொத வருசமே தெரியும்மா. சொன்னா நீ தெனமும் ஒண்ணரை ஷிப்ட் ஓட்டுவே."

இப்போது ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை. கல்லூரிக்கு இரண்டு கம்பெனிகள் வந்து ஆள் எடுத்துப் போய்விட்டன. அவள் பெயர் வரவில்லை. அடுத்த கம்பெனி இந்த வியாழக்கிழமை வருகிறது. போன் அடித்தால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறேன். சீட்டு எடுத்துக் கொஞ்சம் கட்டலாமா என்று நேற்று வங்கியில் விசாரித்தேன். பாக்கி ஏழு லட்சத்துப் பதினெட்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.