நடுத்தெருவில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி

தொண்ணூற்றைந்து வாக்கில், பல்லடத்தில் இருக்கும் எங்கள் வீட்டைப் பழுது பார்க்க ஒரு மேஸ்திரியை வைத்திருந்தேன். ஒல்லியான ஆள், நரைத்த மீசை. சாயங்காலம் நான் மில்லிலிருந்து திரும்பும்வரை காத்திருந்து, தலைத்துண்டை அவிழ்த்து என் முன்னால் உதறிவிட்டுத்தான் கிளம்புவார். தூசி தட்டுகிறார் என்றே நினைத்தேன்.

ஒரு நாள் மதியம் மில்லுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. சமையலறைச் சுவரை இடித்தபோது ஒரு தகர டப்பா கிடைத்ததாம், உள்ளே பழைய ரூபாய்க் கட்டுகளாம். செத்துப்போன அப்பா ஒளித்து வைத்ததாகத்தான் இருக்கும். தங்கை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

மேஸ்திரி நடுத்தெருவில் வெறும் டவுசரோடு உட்கார்ந்திருந்தார். வேட்டி, சட்டை, துண்டு எல்லாம் எதிரே விரித்துக் கிடந்தன.

"மேஸ்திரிக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சுங்க" என்று எதிர்வீட்டு அம்மா சிரித்தார்.

"வேட்டியக் கட்டுங்க மேஸ்திரி. என்னுங்க இது?" என்றேன்.

"மொதல்ல போயி எண்ணிப் பாருங்க. மூடியத் தொறந்ததோட சரி, நான் கை வெக்கலீங்க."

"எண்ணி என்னுங்க பண்றது? அப்பா எவ்வளவு வெச்சாருன்னு எங்களுக்கே தெரியாதுங்களே."

"அதுதானுங்க எனக்குப் பயமா இருக்குது."

அதற்குள் மச்சான் அவருடைய சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோத்தையும் கெளறிப் பாத்துருங்க தம்பி" என்றார் மேஸ்திரி.

குரலில் கோபமே இல்லை. இதற்கு முன் எந்த ஊரில், எந்த வீட்டில் அவருக்கு என்ன நடந்ததோ, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.