வலிக்காத கை

அடி அண்ணாமலையில் நான் வேலை செய்த கிளினிக்கின் பலகையில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் பெரிதாக எழுதியிருக்கும். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில், கூட்டித் துடைக்கும் நான்தான் ஊசியும் போட்டேன். ஐந்தாவது வரை படித்தவன். அவர் போனில் சொல்லும் மருந்தை மூடியின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பேன். ஜனங்களுக்கு இது தெரியாததல்ல. டாக்டர் இருக்கும்போதே, என் கையால் போட்டால்தான் வலிக்காது என்று கேட்டு வாங்குவார்கள். கைராசிக்காரன் என்று பேர். யாரிடமும் நாலு வார்த்தை பேச வராத எனக்கு அந்தப் பேர் பெரிதாக இருந்தது.

கிரிவலப் பாதையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் விற்கிற ஒரு பெண் காய்ச்சலென்று வந்தாள். இடுப்பில் போட்டேன். மருந்து இறங்கும்போதே கால்வரை ஷாக் அடிப்பதுபோல் இழுக்கிறது என்றாள். நான் நிறுத்தவில்லை. பாதியில் எடுத்தால் என் கைராசி என்ன ஆவது?

மறுநாள் அவளுக்கு வலது பாதம் தூக்க வரவில்லை. ஊசி நரம்பில் பட்டுவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் புகார் கொடுத்தாள்.

வேங்கிக்காலில் சுகாதாரத் துறை அலுவலகத்தில் விசாரணை. மாத்திரை மட்டும்தான் கொடுத்ததாக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கிளினிக் நோட்டிலும் அப்படியே எழுதி வைத்திருந்தார். போட்டது நான் என்று என் வாயால் வந்தால் டாக்டரின் பதிவு போகும், அவள் சொல் நிற்கும். வராவிட்டால் அவள் பொய்க்காரி.

அவள் என்னைக் காட்டினாள். "இந்த அண்ணன்தான் சார் போட்டாரு."

டாக்டர் சிரித்தார். "சார், இவனைப் பாருங்க. கூட்டற ஆளு. ஒருத்தர் மூஞ்சிய நிமிந்து பாக்க மாட்டான். இவன் போயி பொம்பளைக்கு இடுப்புல ஊசி போடுவானா?"

அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பயப்படாமல் சொல்லும்படி என்னிடம் இரண்டு முறை கேட்டார். நான் தரையைப் பார்த்தபடி இல்லை என்று தலையாட்டினேன். ஊரறிந்த என் கூச்சத்துக்குப் பின்னால் அன்று நன்றாக ஒளிந்துகொண்டேன். சாட்சி இல்லையென்று புகாரை மூடினார்கள்.

சில மாதம் கழித்து, டாக்டர் வராத ஒரு நாள், அவள் பாதத்தை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். காய்ச்சலில் முகம் வெந்திருந்தது. ஊசிக்குக் காத்திருந்த ஆறேழு பேரோடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"டாக்டர் வரட்டும். நீதான் ஊசியே போட மாட்டியே," என்றாள்.

அண்ணன் என்று கூப்பிடவில்லை. மருந்து ஏற்றிய சிரிஞ்சை நான் தட்டில் வைத்துவிட்டேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஒருவரும் சாட்சி சொல்ல வேங்கிக்காலுக்கு வரவில்லை. இப்போது முனக ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒரு பெரியவர் வாய் திறந்தார்.

"ஏம்மா, நீ எழுந்து போனாத்தான் எங்களுக்குப் போடுவான். உனக்குக் கால் போச்சு, சரி. அதுக்கு நாங்க ஜுரத்துல கெடக்கணுமா?"

யாரும் அவரை அதட்டவில்லை. நானும் அதட்டவில்லை. அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். பாதம் தரையில் தேய்கிற சத்தம் படியிறங்கிப் பாதைக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்தோம்.

பெரியவர் வேட்டியைத் தளர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்தார். போட்டேன். வலிக்கவே இல்லை என்றார்.